பரீட்சைக்கு வைத்த வயிறு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுமார், சாப்பாடு மோசம், தூக்கம் பரவாயில்லை. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? அப்பா இருமலுக்கு மருந்து வாங்கினாரா?

போனில் பேசச் சொல்லாதே. இங்கே போன் நர்ஸ் மேசையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் வார்டு முழுவதும் என் பக்கம் திரும்பும். எனக்குப் பேச்சே வராது. எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரத்த டாக்டரைப் பார்த்துவிட்டேன். உயரமானவர், தலை முழுக்க நரை, நகமெல்லாம் ஒட்ட வெட்டி சுத்தமாக இருக்கிறார். என் வயிற்றில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், பாட்டுக் கேட்கிறவர் மாதிரி. பிறகு, "அடடா, என்ன அழகு!" என்றார். என்னைச் சொல்லவில்லை, என் மண்ணீரலைச் சொன்னார். அது தொப்புள் வரை இறங்கியிருக்கிறதாம். உடனே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டார். "வாங்க, வாங்க. இந்த மாதிரி இனிமே தேடினாலும் கிடைக்காது." வரிசையாக வந்து அழுத்தினார்கள். ஒருவன் கை ஈரமாக இருந்தது. ஒருத்தி விரலில் வெங்காய நாற்றம். நான் மின்விசிறியில் படிந்திருந்த அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோய் என்னவென்று அவர் நன்றாகத்தான் விளக்கினார். ரத்த அணுக்கள் தட்டு மாதிரி இருக்க வேண்டுமாம். எனக்குப் பந்து மாதிரி இருக்கின்றனவாம். மண்ணீரல் அவற்றைப் பிடித்து நொறுக்கிவிடுகிறது. அதனால்தான் சோகை, அதனால்தான் கண்ணில் மஞ்சள். "அதை எடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் நீ ஓடலாம், மாடி ஏறலாம், ஸ்கூலுக்குக்கூடப் போகலாம்," என்றார். பள்ளிக்கூடத்தில் என்னை எல்லோரும் மஞ்சக்கண்ணி என்று கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. நான் மயங்கி விழுந்ததால் படிப்பை விட்டேன் என்றுதான் வீட்டிலும் நினைக்கிறீர்கள்.

இந்த மாதம் தடுப்பூசிகள். பிப்ரவரியில் ஆபரேஷன். எனக்கு வயது போதாததால் அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். எப்போது வருகிறீர்கள்? தேதியை எழுது. எப்போது முடியும் என்று தெரிந்தால் இந்தக் கைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

உன்,
நத்தை

*

ஜனவரி 24

என் நத்தைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா முட்டிக்குத் தைலம் தடவி வீடே மணக்கிறது. அப்பாவின் இருமல் பழகிவிட்டது, அது இல்லாவிட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வராது.

டாக்டர் பெரியவர். நாலு பேர் படிப்பதற்கு உன் உடம்பு உதவினால் அது நல்லதுதானே? கண்ணை மூடிக்கொண்டு படுத்திரு. உனக்கா பொறுமையைச் சொல்லித்தர வேண்டும்? சும்மாவா உன்னை நத்தை என்று கூப்பிடுகிறேன்?

தடுப்பூசி முதலில் முடியட்டும், பிறகு வருகிறோம் என்று அப்பா சொல்கிறார். அவருக்கு வேலையில் விடுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சும்மாதான். உன் துணிகளை மூட்டை கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன், தூசி படாது.

நான் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். வெயில் கண்ணைக் கூசுகிறது. தெருமுனைக் கடைக்காரர் என்னைச் சினிமாக்காரி என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. ஒரு நாள் காய்ச்சல், அதுவும் போய்விட்டது. அங்கே அம்மா மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்.

அப்பா சும்மா வெள்ளையடிக்கிற ஆள் இல்லையே. ஒழுகுகிற குழாயை மாற்றவே மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. என்ன விசேஷம்?

பக்கத்துக் கட்டிலில் ஓர் அத்தை வந்திருக்கிறார். சலவைக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு என் நோய்க்கு நேர் எதிர்: ரத்தம் கூடிப்போய் முகமெல்லாம் செக்கச் செவேல் என்று இருக்கிறது. அவ்வப்போது வரவழைத்து ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிடுகிறார்கள். "மாட்டைக் கறக்கற மாதிரி கறக்கறாங்கடி. உனக்குக் கம்மி, எனக்கு ஜாஸ்தி. நடுவுல ஒரு குழாயைச் சொருகிட்டா ரெண்டு பேரும் இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்," என்றார். நர்ஸ் சிரிக்கவில்லை. நான் போர்வைக்குள் சிரித்தேன். ஆனால் அந்தப் பை நிரம்புவதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கெட்டியாக, கறுப்பாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. என் கட்டில்மேல்தான் வைத்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் என்னை இப்போது "எங்க ராணி" என்று கூப்பிடுகிறார். யார் வந்தாலும் என் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். ஆபரேஷன் எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "உங்க அப்பா வரட்டும்மா, பேசிக்கலாம்," என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இன்னொரு நாள் இன்னொன்று கேட்டார். "வீட்டுல வேற யாருக்காவது கண்ணு மஞ்சளா இருக்கா? இது பரம்பரையா வர்றது. கூடப்பிறந்தவங்களையும் ஒருதரம் பார்த்துடணும்." நான் தலையை ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. அக்கா, உன் கண்ணாடி வெயிலுக்குத்தானே?

பதிலை எதிர்பார்க்கும்,
நத்தை

*

மார்ச் 1

என் நத்தைக்கு,

எல்லோரும் நலம். நீ தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

உன் டாக்டர் அப்பாவுடன் போனில் பேசினார். எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா? அவசரமே இல்லை, ஏப்ரல் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அப்பாவும், உங்கள் பிள்ளையாக நினைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பெரியவர் சொன்ன பிறகு நாம் என்ன சொல்வது?

வெள்ளையடித்து முடிந்தது. கூடத்துக்கு இளநீலம். புதுத் திரைச்சீலை தைத்தேன். உனக்கு ஒரு பாவாடையும் தைத்து வைத்திருக்கிறேன், இடுப்பில் சுருக்கு வைத்து, வயிறு தெரியாதபடி.

மருந்தை விடாமல் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நான் நலம் இல்லை.

ஏன் ஏப்ரல் என்று சலவைக்கடை அத்தைதான் சொன்னார். ஏப்ரலில் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குப் பெரிய பரீட்சை. பரீட்சையில் கேள்வித்தாள் மட்டும் இல்லை, நோயாளியையும் கொடுப்பார்கள். தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். அதற்கு நல்ல நோயாளிகளாகச் சேர்த்து வைப்பார்களாம். "போன வருஷம் நான்தான் பரீட்சை. ரெண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கிட்டு ஒரு பையனுக்கு வியாதி பேரைக் காதுல சொல்லிட்டேன். பாஸாயிட்டான், படுபாவி, திரும்பிக்கூடப் பார்க்கலை," என்றார் அத்தை. பிறகு என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்: "உன்னுதை இப்ப வெட்டி எடுத்துட்டா அவங்க பரீட்சைக்கு என்ன வைப்பாங்க?"

புரிகிறதா அக்கா? பிப்ரவரியிலேயே முடிந்திருக்க வேண்டியது. என்னை ஊறுகாய் மாதிரி போட்டு வைத்திருக்கிறார்கள்.

எந்தெந்த நோயாளி பரீட்சைக்கு வருவார் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலமானால் நர்ஸுக்குத் தெரியாமல் இரண்டு இரண்டு பேராக வருகிறார்கள். "ஒரே ஒரு தடவை, தங்கச்சி," என்கிறார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாட்டேன் என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன், அவர்கள் அழுத்திவிட்டுப் போகிறார்கள். பிறகு குளியலறைக்குப் போய் வயிற்றைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிகிறது. என் வயிற்றைத் தொட எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்றிலிருந்து இடது தோள் வலிக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு மாணவி அதைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "மண்ணீரல்ல அடிபட்டா இடது தோள் வலிக்கும். இனிமே யாரையும் அமுக்க விடாதே. உள்ள கிழிஞ்சா ரத்தமா கொட்டும், உயிருக்கே ஆபத்து," என்று மெதுவாகச் சொன்னாள். ஆனால் பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. அவளுக்கும் ஏப்ரலில் பரீட்சை.

அப்பாவை உடனே அனுப்பு. கையெழுத்துப் போட்டால் அவர்களால் சாக்குச் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டு. பாவாடை எனக்கு வேண்டாம்.

நத்தை

*

மார்ச் 25

அக்காவுக்கு,

சென்ற கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நேற்று ரத்தப் பரிசோதனை வரிசையில் நம் சின்னச் சித்தியைப் பார்த்தேன். மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவள் மாதிரி நின்றாள்.

"நீ எப்படி இங்க? உனக்கு வெளியூர்ல தையல் கம்பெனியில வேலைன்னு இல்ல சொன்னாங்க?"

"யார் சொன்னா, சித்தி?"

"உங்க அம்மாதான். அக்கா நிச்சயத்தன்னிக்கு. மாப்பிள்ளையோட அம்மாகூட உன்னைக் கேட்டாங்களே. லீவு கிடைக்கலைன்னு சொன்னா."

சித்தி என் கண்ணைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள். "ஐயையோ, நான் ஒண்ணும் பார்க்கலைடியம்மா," என்று மாமியாரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. இளநீலச் சுவரும் திரைச்சீலையும் அதற்குத்தான். என் துணி பரணுக்குப் போனதும் அதற்குத்தான். டாக்டர் பரீட்சைக்காக என்னை வைத்திருக்கிறார், நீங்கள் கல்யாணத்துக்காக வைத்திருக்கிறீர்கள். அவர் உங்களைச் சாக்குச் சொல்கிறார், நீங்கள் அவரைச் சாக்குச் சொல்கிறீர்கள். இரண்டு பக்கமும் நல்ல வசதி.

மாப்பிள்ளை எப்படி என்று கேட்கத்தான் ஆசை. கை வரவில்லை.

நத்தை

*

ஏப்ரல் 2

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பாவுக்கு இருமல் கூடியிருக்கிறது.

உன்னிடம் மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சொன்னால் வருத்தப்படுவாய் என்றுதான். அவர்கள் நல்ல இடம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எதையும் துருவித் துருவிக் கேட்கிறவர். ரத்தத்தில் வியாதி, பரம்பரையில் வியாதி என்று காதில் விழுந்தால் அன்றோடு சரி. எனக்கு இது மூன்றாவது வரன், உனக்குத் தெரியும். முதல் இரண்டும் உன்னைப் பார்த்த பிறகுதான் கலைந்தன. உன்னைக் குறை சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் கல்யாணம். முடிந்த மறுநாளே அப்பா அங்கே வந்து நிற்பார், நான் பொறுப்பு. அதுவரை யாரிடமும் ஒன்றும் பேசாமல் இரு. பேசாமல் இருப்பது உனக்குக் கஷ்டமா என்ன?

மாப்பிள்ளை கலகலப்பானவர். என் கண்ணாடியைப் பார்த்து, இதைக் கல்யாணத்தன்றாவது கழற்றுவாயா என்று கேட்டார்.

உன் தோள் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுக்கவில்லை. தோள் அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது எப்படி?

நேற்று பரீட்சை நடந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

காலையிலேயே எனக்குத் தலை வாரி, சலவைச் சட்டை போட்டுவிட்டார்கள். "வியாதி பேரை மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதே," என்றார் நர்ஸ். "அவ எதைத்தான் வாயைத் திறந்து சொன்னா?" என்றார் சலவைக்கடை அத்தை. அவரும் பரீட்சைக்குத்தான் வந்திருந்தார். தலையணைக்கடியில் பிஸ்கட் தயாராக இருந்தது.

எனக்கு வாய்த்தது ஒரு நெட்டையன். மேலுதடு வியர்த்து வழிந்தது. ஆனால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரும், பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த குள்ளமான ஒரு டாக்டரம்மாவும் வந்தார்கள். நெட்டையன் வியாதியைச் சரியாகச் சொல்லிவிட்டான். பெரிய டாக்டருக்கு முகமெல்லாம் பெருமை, என்னைச் செய்ததே அவர்தான் என்கிற மாதிரி.

"சரி, இந்தப் பொண்ணுக்கு என்ன வைத்தியம்?" என்றார் டாக்டரம்மா.

"மண்ணீரலை எடுத்துடணும் மேடம்."

"எப்போ?"

"தடுப்பூசி போட்டு ரெண்டு வாரம் கழிச்சு."

"போட்டாச்சா?"

அவன் என்னிடம் கேட்டான். ஜனவரியிலேயே ஆரம்பித்து முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப ஏன் இன்னும் எடுக்கலை?"

அவனிடம் கேட்ட கேள்விதான் அது. அவன் திருதிருவென்று முழித்துப் பெரிய டாக்டரைப் பார்த்தான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீட்டுக்காரங்க யாரும் வரலை, அதான்..." என்று மென்று விழுங்கினார்.

"இல்லை. பரீட்சைக்காக வெச்சிருக்காங்க," என்றது ஒரு குரல். கீச்சென்று, யாருடையதோ மாதிரி இருந்தது. என்னுடையதுதான்.

டாக்டரம்மா நெட்டையனைப் பார்த்து, சரி, எப்படித் தொட்டுப் பார்த்தாய் என்று காட்டு என்றார். அவரும் பேச்சை மாற்றத்தான் பார்த்தார். நெட்டையன் குனிந்தான். நான் சட்டையை இறக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "தொடக் கூடாது," என்றேன். "யாரும் தொடக் கூடாது. தோள் வலிக்குது."

டாக்டரம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. எவ்வளவு நாளாகத் தோள் வலி என்று என்னிடம் நேராகக் கேட்டார். இங்கே வந்ததிலிருந்து என் வலியைப் பற்றி என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். அவர் பெரிய டாக்டரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியிருந்தது. அத்தை எழுந்து போய்க் காதை வைத்துவிட்டு வந்து, "பெரியவர் நல்லா வாங்கிக் கட்டிக்கறாருடி," என்றார். உடனே வயிற்றை ஸ்கேன் படம் எடுத்தார்கள். மண்ணீரலின் ஓரத்தில் லேசாக ரத்தம் கட்டியிருக்கிறதாம். இனி யாரும் அழுத்தக் கூடாது, ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் கூடாது.

சாயங்காலம் பெரிய டாக்டர் தனியாக வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். "நான் உனக்கு என்னம்மா குறை வெச்சேன்? ராணி மாதிரிதானே பார்த்துக்கிட்டேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. அக்கா, அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு மனசு வலித்திருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வாந்தியே வந்தது.

வீட்டுக்காரர்கள் வரவில்லை என்று அவர் சொன்னதும் பொய் இல்லை. மே முதல் வாரம் ஆபரேஷன். அப்பா வர வேண்டும்.

நத்தை

*

ஏப்ரல் 26

தங்கைக்கு,

டாக்டர் போன் செய்தார். அத்தனை பேருக்கு முன்னால் நீ அவரை அவமானப்படுத்தியதாகச் சொன்னார். அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு மாதம். அதைக்கூடவா எனக்காகப் பொறுக்க முடியவில்லை?

அப்பா வருவார். உன் தையல் கம்பெனியில் சம்பளப் பாக்கி வாங்கப் போகிறார் என்று இங்கே சொல்லியிருக்கிறோம். நான் வர முடியாது. எனக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கவே பயமாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக் காலை ஆபரேஷன். அதனால் இதை இன்றே எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை, பயம் இருக்கிறது. அம்மாவிடம் பயம் இல்லை என்று சொல்.

அப்பா வந்தார். நிறைய இளைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அக்கா கண்ணும் மஞ்சளா என்று அவரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். வெகுநேரம் இருமினார்.

பிறகு பெரிய டாக்டர் இன்னொரு தாளை நீட்டினார். எடுக்கிற மண்ணீரலைக் கண்ணாடி ஜாடியில் மருந்து ஊற்றி வைப்பார்களாம், படிக்கிறவர்கள் பார்ப்பதற்கு. "நூறு வருஷமானாலும் கெடாது. வர்ற பிள்ளைங்க எல்லாம் பார்ப்பாங்க. உங்க பொண்ணுக்குப் பெருமைதானே?" என்றார். அப்பா பேனாவை எடுத்தார்.

"அதுல போடாதீங்கப்பா," என்றேன்.

"நமக்கென்னம்மா போச்சு? வெளியே எடுத்துப் போடறதுதானே?"

"எனக்குப் போகுது."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "அப்புறம் அது குப்பைக்குத்தானேம்மா போகும்?"

"குப்பைக்கே போகட்டும்."

அப்பா பேனாவை மூடிவிட்டார். டாக்டர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பக்கத்துக் கட்டில் அத்தை என்னைப் பார்த்து, "ஒரு பிஸ்கட் தின்னுடி," என்றார். நாளை ஆபரேஷன் என்பதால் தின்னக் கூடாது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

உன் கல்யாணம் நன்றாக நடக்கட்டும். நான் அவர்களுக்கு எழுத மாட்டேன், சித்தியிடமும் பேச மாட்டேன். உன் கண்ணாடியைக் கழற்றுவது உன் வேலை. ஆனால் நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அது வெளுத்துச் சோர்ந்து கிடக்கும்போது, ஒரு டாக்டர் அதன் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்பார். அப்போது தையல் கம்பெனி என்று சொல்லாதே. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை